தோற்கும் மேலாளரும் பிடிக்காத உரிமையாளரும்: கிருஷ்ணகிரிக் கால்பந்து ரசிகர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ஒரு நண்பரின் உரக்கடை மாடியில் சனிக்கிழமை இரவுகளில் ஒன்பது பேர் கூடி இங்கிலாந்துக் கால்பந்து பார்க்கிறோம். அவர்களில் ஆறு பேர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் என்பதால், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த மாடியில் ஆரவாரத்தைவிடப் புலம்பலே அதிகம் கேட்டிருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள், வீட்டார், தருமபுரியிலிருந்து விடுமுறைக்கு வரும் கல்லூரித் தம்பிகள் எனப் பலரும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ‘கழகம்’ என்று எழுதினால் தமிழ்நாட்டில் வேறு பொருள் வந்துவிடும் என்பதால் ‘கிளப்’ என்றே எழுதுகிறேன்.

ஓடுகிறவனும் உதைக்கிறவனும் ஆட்டக்காரன். கோட்டுக்கு வெளியே நிற்கிற மேலாளரை எதற்குத் திட்டுகிறீர்கள்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் என் மாமா. ஓர் இரவு லோடு இறக்கிவிட்டு மாடிக்கு வந்தவர், அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, பந்தை வெளியே அடிச்சவன் ஒருத்தன், நீங்க வையறது கோட்டுப் போட்டு ஓரமா நிக்கிறவனையா?” என்றார்.

களத்தில் இறங்கும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பவர், யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவர், வாரம் முழுவதும் பயிற்சி தருபவர், ஆட்டத்தின் நடுவில் ஆளை மாற்றுபவர் எல்லாம் மேலாளரே. ஒரு வீரர் ஒரு முறை தவறவிட்டால் அது அவருடைய தவறு. ஒரே மாதிரியான கோலை அணி ஏழு வாரம் தொடர்ந்து வாங்கினால் அது மேலாளருடைய தவறு. 2024 நவம்பரில் யுனைடெட்டுக்கு வந்த ரூபன் அமோரிம், மூன்று மையத் தடுப்பாளர்களை நிறுத்தும் தம்முடைய முறையை, அதற்கேற்ற வீரர்கள் இல்லாத ஓர் அணியின் மீது விடாப்பிடியாகத் திணித்தார். அந்த 2024-25 பருவத்தில் அணி 42 புள்ளிகளுடன் 15ஆவது இடத்தில் முடிந்தது. 1973-74இல் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்ட பிறகு (பட்டியலின் அடியில் முடிக்கும் அணிகளை அங்கே ஒரு படி கீழே உள்ள லீகுக்கு அனுப்பிவிடுவார்கள்) யுனைடெட் இவ்வளவு கீழே முடித்ததில்லை. எனவே மேலாளரைத் திட்டுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மாமா கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே நிற்பவரைத் திட்டலாம் என்றால், அவருக்கும் பின்னால் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவரை ஏன் விட்டுவிட வேண்டும்?

அணி தோற்றால் மேலாளரை மாற்றுகிறார்கள். உரிமையாளர் இதில் எங்கே வருகிறார்?

மேலாளரை வேலைக்கு எடுத்தவர் அவர். வீரர்களை வாங்கப் பணம் தருபவர் அல்லது தராதவர் அவர். நம் பக்கத்து எருது விடும் விழாவில் காளை பாதித் தூரத்தில் தளர்ந்து நின்றுவிட்டால், கயிற்றைப் பிடித்து வந்த பையனை ஒருவரும் கேட்பதில்லை. வளர்த்தவரிடம் போய்த்தான் தீனியைப் பற்றி விசாரிப்பார்கள். கால்பந்தில் இது தலைகீழாக இருக்கிறது. மேலாளர் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர்களின் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். உரிமையாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிலருடைய குரலை ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டதே இல்லை. முகம் தெரிகிறவர் மீது கோபம் திரும்புவது இயல்பு. அது உரிமையாளருக்கு மிகவும் வசதியான இயல்பு.

மான்செஸ்டர் யுனைடெட்டின் கிளேசர் குடும்பத்தின் மீது அப்படி என்ன கோபம்? அவர்கள் காலத்தில்தானே நிறையக் கோப்பைகள் வந்தன?

2005ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் கிளேசர் ஏறத்தாழ 79 கோடி பவுண்டு மதிப்பில் கிளப்பை வாங்கினார். வாங்கிய விதத்தில்தான் கோபத்தின் வேர் இருக்கிறது. பணத்தின் பெரும்பகுதி கடன். அந்தக் கடனையும் கிளப்பின் பெயரிலேயே ஏற்றிவைத்தார். அதாவது, ஒருவர் உங்கள் வீட்டை வாங்குகிறார். வாங்குவதற்கான கடனுக்கு அந்த வீட்டையே ஈடு வைக்கிறார். மாதத் தவணையை வீட்டுக்குள் குடியிருக்கும் உங்களிடமே வசூலிக்கிறார். அதுவரை பல பத்தாண்டுகளாகக் கடன் சுமை இல்லாதிருந்த கிளப் அன்றிலிருந்து வட்டி கட்டத் தொடங்கியது. அந்த ஆண்டே ரசிகர்களில் ஒரு பிரிவினர் வெளியேறி ‘எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்’ என்ற தங்கள் சொந்தக் கிளப்பைத் தொடங்கினார்கள்.

கோப்பைகள் வந்தது உண்மை. அலெக்ஸ் ஃபெர்குசன் என்ற மேலாளர் இருந்தார். 2005க்குப் பிறகு மட்டும் ஐந்து லீக் பட்டங்களும் 2008இல் சாம்பியன்ஸ் லீகும் அவர் காலத்தில் கிடைத்தன. விரிசல் விட்ட சுவரின் மீது நல்ல சுண்ணாம்பு பூசியது போல அந்த வெற்றிகள் இருந்தன. 2013இல் அவர் ஓய்வு பெற்றார். அதன் பிறகு லீக் பட்டம் வரவில்லை. டேவிட் மோயஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்துப் பத்தே மாதத்தில் அனுப்பினார்கள். லூயி வான் கால் 2016இல் எஃப்ஏ கோப்பையை வென்ற கையோடு அனுப்பப்பட்டார். மொரின்யோ, சோல்ஷியர், இடைக்காலத்துக்கு ரங்னிக், பிறகு எரிக் டென் ஹாக் என்று வரிசை நீண்டது. ஒருவர் தற்காப்பு ஆட்டக்காரர், அடுத்தவர் தாக்குதல் ஆட்டக்காரர், அதற்கடுத்தவர் வேறு வகை. ஒவ்வொருவருக்காகவும் வாங்கிய வீரர்கள் அடுத்தவருக்குப் பொருந்தாமல் தேங்கினார்கள். அத்தனை பேரும் திறமையற்றவர்களாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு எங்கள் மாடியில் இன்றுவரை ஒருவரும் ‘ஆம்’ என்று சொன்னதில்லை.

2010இல் ரசிகர்கள் பச்சையும் தங்கமும் கலந்த கழுத்துத் துண்டுகளை அணிந்து எதிர்ப்புக் காட்டினார்கள். கிளப் 1902 வரை ‘நியூட்டன் ஹீத்’ என்ற பெயரில் இருந்தபோது அணிந்த நிறங்கள் அவை. அந்த ஆண்டு மார்ச்சில் மிலான் அணிக்காக யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ஆட வந்திருந்த முன்னாள் யுனைடெட் வீரர் டேவிட் பெக்கம், ஆட்டம் முடிந்து போகும்போது அப்படி ஒரு துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த உற்சாகத்தில் எங்கள் நண்பர் ஒருவர் பச்சைத் துண்டில் மஞ்சள் கரை தைத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் போனார். கலெக்டர் ஆபீஸ் முன்னால் இன்றைக்கு விவசாயிகள் சங்க ஆர்ப்பாட்டம் ஏதாவது இருக்கிறதா என்று மூன்று பேர் அவரிடம் விசாரித்தார்கள்.

ஆனால் வீரர்களுக்கு அவர்கள் கோடி கோடியாகச் செலவழித்தார்களே?

செலவழித்தது கிளப் சம்பாதித்த பணம். அதையும் ஒழுங்காகச் செலவழிக்கவில்லை என்பதே எங்கள் குற்றச்சாட்டு. இங்கிலாந்து லீகில் சம்பளப் பட்டியலும் புள்ளிப் பட்டியலும் பல ஆண்டுச் சராசரியில் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் இருக்கும். அதிகம் கொடுப்பவர் மேலே இருப்பார். நாட்டிலேயே மிக அதிகச் சம்பளம் கொடுக்கும் சில கிளப்புகளில் ஒன்று 15ஆவது இடத்தில் முடிகிறது என்றால், ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

2024இல் ஜிம் ராட்கிளிஃப் வந்த பிறகு நிலைமை மாறவில்லையா?

இங்கிலாந்துக்காரர், சிறுவயதிலிருந்தே யுனைடெட் ரசிகர் என்று சொல்லப்பட்டவர், பெருந்தொழிலதிபர். எங்களுக்கும் நம்பிக்கை இருந்தது. 2024 பிப்ரவரியில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான பங்குகளை வாங்கி, கால்பந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். வாக்குரிமையில் பெரும்பான்மை கிளேசர் குடும்பத்திடமே இருந்தது.

அந்தக் கோடையில் டென் ஹாக்கை நீக்கலாமா என்று யோசித்து, நீக்காமல், ஜூலையில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அக்டோபர் 28ஆம் தேதி நீக்கினார்கள். அவரையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்ப 1 கோடி பவுண்டுக்கும் மேல் செலவானது. இப்படி ஒரு முடிவை எடுத்த அதே நிர்வாகம் சிக்கனம் என்ற பெயரில் சுமார் 250 பணியிடங்களைக் குறைத்தது. பருவத்தின் நடுவில் உறுப்பினர்களுக்கான மீதி டிக்கெட்டுகளைச் சிறுவர், முதியோர் சலுகை எதுவுமின்றி 66 பவுண்டு ஆக்கியது. பணியாளர்களின் இலவச மதிய உணவையும் நிறுத்திவிட்டுப் பழம் கொடுத்தார்கள். மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில் இருக்கும் நாங்களே மதியச் சாப்பாட்டுக்குப் பதில் பழத்தைத் தின்றுவிட்டு வேலைக்குப் போவதில்லை.

இந்தியர் யாராவது இங்கிலாந்துக் கிளப்புக்கு உரிமையாளராக இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். அந்தக் கதை எங்கள் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்களுக்குப் பாதி தெரிந்த கதைதான். குஞ்சு, தீவனம், தடுப்பு மருந்து என்று பண்ணைக்குள் தினமும் புழங்கும் ‘வெங்கீஸ்’ என்ற பெயர், 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பின் உரிமையாளர் பெயரானது. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம் 2.3 கோடி பவுண்டு கொடுத்து அதை வாங்கியது.

பிளாக்பர்ன் சிறிய நகரம். அந்த ஊரிலேயே பிறந்து எஃகு வணிகத்தில் பணம் சேர்த்த ஜாக் வாக்கர் தம் செல்வத்தை அதில் கொட்டி, 1994-95இல் அதை இங்கிலாந்தின் முதல் நிலை லீகான பிரீமியர் லீகின் சாம்பியன் ஆக்கினார். மைதானத்தின் வெளியே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் புதிய உரிமையாளர்கள் செய்த முதல் பெரிய காரியம், அணி 13ஆவது இடத்தில் பாதுகாப்பாக இருந்தபோது அனுபவம் மிக்க மேலாளர் சாம் அலார்டைஸை ஒரே மாதத்தில் நீக்கியது. அவருக்குப் பதிலாக, பயிற்சியாளர் குழுவில் இருந்த, முன்பு எங்கும் மேலாளராக இருந்திராத ஸ்டீவ் கீனை அமர்த்தினார்கள். 2011இல் பிளாக்பர்ன் வீரர்கள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து கோழி இறைச்சி சாப்பிடுவது போல ஒரு விளம்பரம் வந்தது. தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் ரசிகருக்கு அதைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த பருவம் முழுவதும் ஊர்வலங்களும் ‘கீன் வெளியேறு’ முழக்கங்களும் தொடர்ந்தன. 2012 மே 7ஆம் தேதி விகன் அணியிடம் சொந்த மைதானத்தில் தோற்றால் கீழ்நிலைக்கு இறங்க வேண்டியிருந்த ஆட்டத்தில், யாரோ ஒரு ரசிகர் கிளப்பின் கொடியைப் போர்த்தி ஓர் உயிருள்ள கோழியைக் களத்தில் விட்டுவிட்டார். ஆட்டம் நின்றது; விகன் வீரர் ஒருவர் அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். ஒரே கோழியில், மேலாளரைத் தாண்டிப் புனே வரை போய்ச் சேர வேண்டிய செய்தியைச் சொல்லிவிட்டார்கள். பிளாக்பர்ன் 0-1 என்று தோற்று இறங்கியது.

அப்போதும் கீனை நீக்கவில்லை. செப்டம்பரில் அவராகவே விலகினார். அதன் பிறகு ஹென்னிங் பெர்க் 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். 2017இல் அணி மூன்றாம் நிலைக்கே போய்விட்டது. நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்றும் உண்டு: உரிமையாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் நட்டத்தை ஈடுகட்டப் பணம் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். கிளேசர் குடும்பம் எடுத்தது, இவர்கள் கொடுத்தார்கள். இரண்டு ஊரிலும் வெறுப்பு ஒன்றுதான். பணம் மட்டும் காரணம் என்றால் பிளாக்பர்னில் இவ்வளவு கசப்பு வந்திருக்காது. அறியாத தொழிலில் இறங்கி, அறிந்தவர்களை அனுப்பிவிட்டு, கேட்பவர்களுக்குப் பதிலும் சொல்லாமல் இருந்ததைத்தான் அந்த ஊர் மன்னிக்கவில்லை.

மேலாளர் திறமையற்றவரா, உரிமையாளர் சரியில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே மனிதரை இரண்டு மூன்று உரிமையாளர்களிடம் வைத்துப் பார்ப்பது ஒரு வழி. அப்படி ஒரு மனிதர் நமக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார்: ஓவன் கோய்ல்.

2016 ஜூனில் வெங்கீஸ் நிறுவனத்தார் அவரைப் பிளாக்பர்னுக்கு மேலாளராக்கினார்கள். பரம எதிரியான பர்ன்லி கிளப்பின் முன்னாள் மேலாளர் என்பதால் வரும்போதே எதிர்ப்பு. 2017 பிப்ரவரியில் அணி இறங்கு நிலையில் இருந்தபோது அனுப்பப்பட்டார்; அந்தப் பருவத்தின் முடிவில், கோல் கணக்கில் மட்டும் பின்தங்கி, பிளாக்பர்ன் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. பிளாக்பர்ன் ரசிகரிடம் கேட்டால் அவரைப் பற்றி நல்ல வார்த்தை வராது.

அதே கோய்ல் 2019 டிசம்பரில், இந்திய சூப்பர் லீகில் (ஐஎஸ்எல்) ஆடும் நம் சென்னைக் கிளப்பான ‘சென்னையின் எஃப்சி’க்கு வந்தார். ஜான் கிரெகரி விலகியபின் பட்டியலின் அடியில் கிடந்த அணியை, அதே வீரர்களை வைத்துக்கொண்டு, 2020 மார்ச்சில் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். அடுத்து ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22இல் லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான ஷீல்டை வென்று கொடுத்தார். அது டாடா ஸ்டீல் நடத்தும் கிளப். எஃகு வணிகர் ஒருவர் வளர்த்த பிளாக்பர்னில் தோற்றவர், எஃகு ஆலை ஊரில் ஜெயித்தார் என்பதை நானாக ரசித்துக்கொள்கிறேன். அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டாம்.

இதை வைத்து உரிமையாளர்தான் எல்லாம் என்று முடிவு கட்டவும் முடியாது. 2023இல் கோய்ல் மீண்டும் சென்னைக்கு வந்தார். முதல் பருவத்தில் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் இடம் கிடைத்தது, 2024-25இல் 13 அணிகளில் 11ஆவது இடம். அதே மனிதர், அதே கிளப், வேறு வீரர்கள். ஆகவே நான் கேட்கும் முதல் கேள்வி, “இவருக்கு முன்னால் இருந்தவர் ஏன் தோற்றார்?” என்பது. மூன்று மேலாளர்கள் ஒரே இடத்தில் இடறினால், வழுக்குவது அந்தத் தரைதான்.

புது மேலாளர் வந்தவுடன் இரண்டு மூன்று ஆட்டம் ஜெயிக்கிறார்களே?

மண்டியில் தக்காளி விலை அடிமட்டத்துக்குப் போன வாரத்தில் ஒருவர் தம் கமிஷன் கடையை மாற்றுகிறார். அடுத்த வாரம் விலை ஏறுகிறது. புதுக் கடைக்காரர் ராசிக்காரர் என்கிறார். பாதாளத்துக்குப் போனது கொஞ்சமாவது மேலேதான் வரும். நெதர்லாந்து லீகில் 1986 முதல் 2004 வரையிலான முடிவுகளை வைத்துப் பொருளியல் ஆய்வாளர் ஒருவர் பார்த்தபோது, மேலாளரை நீக்கிய அணிகளும், அதே அளவு சரிந்தும் நீக்காமல் இருந்த அணிகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் மீண்டிருந்தன. நீக்கவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. நீக்கிய இரவில் பட்டாசு வெடிக்க வேண்டாம் என்றுதான் எங்கள் தம்பிகளிடம் சொல்கிறேன்.

அப்படியானால் எத்தனை நாள் பொறுமையாக இருப்பது?

இதற்கு அளவுகோல் இல்லை. ஆர்சனல் ரசிகர்களிடமே இரண்டு பாடங்களும் இருக்கின்றன. 1996 முதல் 22 ஆண்டுகள் மேலாளராக இருந்த அர்சென் வெங்கர், 2003-04இல் லீகில் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்றவர். கடைசி ஆண்டுகளில் அவரை விலகச் சொல்லிப் பதாகை பிடித்தார்கள். 2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம் மைதானத்தின் மேலே ஒரு விமானம் ‘வெங்கர் வெளியேறு’ என்ற பதாகையை இழுத்துக்கொண்டு பறந்தது. அவரை ஆதரிக்கும் பதாகையுடன் இன்னொரு விமானமும் அதே ஆட்டத்தின்போது பறந்தது. வானத்திலேயே இரண்டு கட்சி. எங்கள் மாடியின் ஒரே ஆர்சனல் ரசிகர் அன்று எந்த விமானத்துக்குக் கை தட்டினார் என்பதை இதுவரை சொல்லவில்லை.

அதே கிளப்புக்கு 2019 டிசம்பரில் வந்த மிகேல் ஆர்டேட்டா அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் 8ஆவது இடத்தில் முடித்தார். வேறு கிளப்பாக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார்கள். வைத்துக்கொண்டார்கள்; 2022-23 முதல் தொடர்ந்து மூன்று முறை இரண்டாம் இடம் வந்தது. தோற்கும்போதும் அணி எதை நோக்கிப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தால் பொறுக்கலாம். மேலாளர் என்ன செய்யப் பார்க்கிறார் என்பதே ஓராண்டுக்குப் பிறகும் புரியவில்லை என்றால் பொறுப்பதில் பயனில்லை.

ரசிகர்கள் போராடி எப்போதாவது எதையாவது மாற்றியிருக்கிறார்களா?

மாற்றியிருக்கிறார்கள். 2021 ஏப்ரல் 18ஆம் தேதி, ஐரோப்பாவின் 12 பணக்காரக் கிளப்புகள் தமக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் ‘சூப்பர் லீக்’ ஒன்றை அறிவித்தன. அவற்றில் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகள். இரண்டு நாள் கழித்துச் செல்சி ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே சாலையை அடைத்தார்கள். அந்தக் கிளப்பின் முன்னாள் கோல்காப்பாளர் பெட்டர் செக் இறங்கி வந்து, அணிப் பேருந்துக்கு வழி விடும்படி கூட்டத்தின் நடுவில் நின்று கெஞ்சினார். அன்று இரவுக்குள் ஆறு கிளப்புகளும் விலகிவிட்டன. மே 2ஆம் தேதி யுனைடெட் ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்டுக்குள்ளேயே புகுந்துவிட, லிவர்பூலுடன் நடக்க இருந்த ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. நாங்கள் டீயும் போண்டாவும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்குப் பதிலாக வெற்று மைதானத்தில் ஓடும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் நினைவில் அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டம் அதுதான். சூப்பர் லீக் கொந்தளிப்பின் தொடர்ச்சியாக நடந்த விசாரணை, 2025 ஜூலையில் கால்பந்துக்குத் தனி ஒழுங்குமுறை ஆணையத்தை அமைக்கும் சட்டம் வரை இங்கிலாந்தில் போய் முடிந்தது.

நியூகாசில் ரசிகர்கள் மைக் ஆஷ்லியை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அவர் மைதானத்தின் பழம்பெயரையே மாற்றித் தம் கடையின் பெயரை வைத்தவர். 2021 அக்டோபரில் அவர் விற்றுவிட்டுப் போனார். வாங்கியதில் பெரும்பங்கு சவுதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியம். ஊர் கொண்டாடியது. ஓர் அரசாங்கமே உரிமையாளரானால் அதை எதிர்த்து முழக்கமிடுவது எளிதாக இருக்குமா என்பது வேறு கேள்வி.

ஜெர்மனியில் இந்தப் பிரச்சினையே இல்லை என்கிறார்களே?

குறைவு. 1998 முதல் அங்கே உள்ள விதிப்படி, வாக்குரிமையில் பாதிக்கு மேல் கிளப்பின் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்ற சில விலக்குகள் உண்டு. லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்கும் திட்டம் வந்தபோது, 2024 தொடக்கத்தில் வாரந்தோறும் ரசிகர்கள் களத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிப்ரவரி 21ஆம் தேதி லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மேலாளர்கள் அங்கேயும் நீக்கப்படுகிறார்கள். ஆனால் ரசிகருக்கு ஓட்டு இருக்கிறது.

நமக்குப் பக்கத்து அணிகள் எப்படி?

ஓசூரிலிருந்து பெங்களூரு கண்டீரவா மைதானத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான் என்பதால் எங்களில் சிலர் சென்னையை விட்டுப் பெங்களூரு எஃப்சி பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அங்கே 2023 டிசம்பரில் சைமன் கிரேசன் நீக்கப்பட்டார். முந்தைய பருவத்தில் இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர் அவரே. அடுத்து வந்த ஜெரார்ட் சரகோசா 2024-25இல் மறுபடியும் இறுதிக்குக் கொண்டுபோனார். அப்போதும் கோப்பை வரவில்லை.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் நம் ஐஎஸ்எல்லில் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. 2024-25 வரை கடைசி இடத்தில் முடித்த அணியும் கீழே இறங்கவில்லை. பிளாக்பர்ன் உரிமையாளர் தம் தவறுக்கு ஒவ்வொரு படியாக இறங்கி விலை கொடுத்தார். இங்கே கடைசி இடம் உரிமையாளருக்கு ஒரு சங்கடம், அவ்வளவே. எனவே மேலாளரை நீக்கும் செய்திதான் ரசிகருக்குக் கிடைக்கும் ஒரே ஆறுதல். கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சப்படை ரசிகர்கள் இதைப் புரிந்துகொண்டு, 2024 டிசம்பரில் நிர்வாகத்தை எதிர்த்து டிக்கெட் வாங்குவதை நிறுத்தினார்கள். 2025 ஜூலையில் லீகே நிறுத்திவைக்கப்பட்டபோது, திட்டுவதற்கு மேலாளர்கூட இல்லாத நிலை வந்தது. கிளப்புகளை எதிர்த்துப் பேசிப் பழகியவர்கள், அவை பிழைத்திருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டார்கள்.

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு மான்செஸ்டர் உரிமையாளர் மீது கோபப்பட உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் ஞாயிறு காலையில், நான் எழாதபோது.

சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு அங்கே தொடங்கும் ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 8.30, அவர்களுடைய கோடை நேரத்தில் 7.30. அந்த 3 மணி ஆட்டங்களை இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக் கூடாது என்று அங்கே பழைய விதி ஒன்று இருக்கிறது. மைதானத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வசிப்பவர் வீட்டில் பார்க்க முடியாத ஆட்டத்தை நாங்கள் உரமூட்டைக்கு மேலே உட்கார்ந்து பார்க்கிறோம். சும்மா காட்டவில்லை, சந்தா கட்டுகிறோம். 2022இல் தொடங்கிய மூன்றாண்டு ஒப்பந்தத்தில், பிரீமியர் லீகின் வெளிநாட்டு ஒளிபரப்பு வருமானம் உள்நாட்டு வருமானத்தை முதல் முறையாகத் தாண்டியது. எங்கள் சந்தாவும் அந்தத் தொகைக்குள் இருக்கிறது. கிளேசர் குடும்பம் ஏற்றிவைத்த கடனுக்குக் கிளப் கட்டும் வட்டியில் கிருஷ்ணகிரிப் பணம் சில பைசாவாவது உண்டு.

ஆனாலும் மான்செஸ்டர்க்காரரின் கோபமும் எங்கள் கோபமும் ஒன்றல்ல. 66 பவுண்டு டிக்கெட்டால் தன் மகனை அழைத்துப்போக முடியாமல் போனவர் அங்கே இருக்கிறார். அவர் மைதானத்துக்கு வெளியே நின்று ஆட்டத்தைப் புறக்கணிக்கச் சொல்லும்போது, நாங்கள் இங்கே தொலைக்காட்சியை அணைத்தோமா என்று கேட்டால், அணைக்கவில்லை.

கோபத்தை வேறு எப்படித்தான் காட்டுவது?

வீரர்களின் குடும்பத்தாரையும் அவர்களுடைய நிறத்தையும் இழுத்துச் சமூக ஊடகத்தில் எழுதுகிறவர்களுக்கு எங்கள் மாடியில் இடமில்லை. இரண்டு பேரை அனுப்பியிருக்கிறோம். மற்றபடி, ஜெர்சி வாங்காமல் இருப்பது எளிய வழி. இந்த விஷயத்தில் நம் மாவட்டம் நெடுங்காலமாகப் போராடிவருகிறது என்றே சொல்லலாம். பேருந்து நிலையத்துக்கு எதிரே முந்நூறு ரூபாய்க்குத் தொங்கும் யுனைடெட் ஜெர்சியால் எந்த உரிமையாளருக்கும் ஒரு காசு போய்ச் சேருவதில்லை.

இவ்வளவு கஷ்டத்துக்கு, ஜெயிக்கிற அணிக்கு மாறிவிடலாமே?

மாமா இப்போது மாதம் ஒரு முறையாவது மாடிக்கு வருகிறார். யாரையும் ஆதரிப்பதில்லை என்று சொல்லிக்கொள்வார். போன முறை யுனைடெட் மூன்றாவது கோல் வாங்கியபோது நாங்கள் எல்லோரும் மேலாளரின் பெயரைச் சொல்லித் திட்டத் தொடங்கினோம். கேமரா ஒரு நொடி மேலே பிரமுகர் வரிசையைக் காட்டியது. மாமா திரையில் விரலை வைத்து, “நடுவுல உக்காந்திருக்கானே, அவன் யாருடா?” என்றார்.